வெளிச்சம்: பதினொரு பாட்டில்

வல்பரைசோவில்
மலையேறும் படிக்கட்டு ஒன்றின் அடியில்
முன்பு மீன் கிடங்காக இருந்த இடம்
இப்போது எவரிஸ்தோவின் மதுக்கடை.
நாற்பது பேர் நிற்கிற அறையில்
வெள்ளிக்கிழமை நூற்றிப்பத்துப் பேர்.
விளக்கு ஒன்றே ஒன்று, சிவப்பு.
அதன் மேலும் எவனோ தொப்பியை மாட்டியிருக்கிறான்.

சுவரொட்டிக்குப் படம் வேண்டும் என்றார் எவரிஸ்தோ.
ஃபிளாஷ் அடித்தால் கேமராவைக் கடலில் எறிவேன்,
பின்னாலேயே உன்னையும், என்றார்.
கடல் எதிரே இருந்தது. அவர் தோள்களும் பெரியவை.

லென்ஸை முழுக்கத் திறந்துவைத்தேன்.
அது முன்னும் பின்னும் முனகித் தேடி
கடைசியில் யாருடைய காதிலோ போய் நின்றது.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நான்,
காடு முழுக்க முழங்கைகள்.

குவேகா தொடங்கிவிட்டால்
ஆடும் இருவரும் தொட்டுக்கொள்வதில்லை.
கைக்குட்டைதான் போகிறது, வருகிறது,
கெஞ்சுகிறது, பொய் சொல்கிறது.
நொடியைப் பதினைந்தாகக் கிழித்தால்
ஒரு துண்டுக்குள் கைக்குட்டை
முக்கால் முழம் பறந்துவிடும்.
மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்.
நாற்பது படத்திலும்
பால் கொட்டினதுபோல் ஒரு வெள்ளை,
அதன் இரு கரையிலும் முகமில்லாத இரண்டு பேர்.

அப்போதுதான் நோல்பெர்த்தோ
பீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தான்.

மூன்று நொடி.
நீலம் கலந்த வெள்ளை
இரண்டு மேசையைத் தாண்டி
அக்கார்டியன் வாசிக்கும் லிசாந்த்ரோவின் தாடைவரை.
கதவு மூடியது. அறை பழையபடி மையானது.

நான் குடிப்பதில்லை.
ஒரு பீர், என்றேன்.
கதவு.
இன்னொன்று, என்றேன்.
கதவு.
பாட்டிலை அருகில் நின்றவன் கையில் திணித்துவிட்டு
பார்வையைப் பெட்டிப் பக்கமே வைத்துக்கொண்டேன்.
ஐந்தாவதில் ஒரு காலணிக் குதிகால் தரையை விட்டெழுந்து நின்றது.
எட்டாவதில் பாடகி இர்மினாவின்
தொண்டைக்குழி, அதில் ஒரு வேர்வைத் துளி.
என்னைச் சுற்றி நண்பர்கள் பெருகினார்கள்.

பதினொன்றோடு பீர் தீர்ந்தது.
நோல்பெர்த்தோ கையை விரித்துக் காட்டினான்.
பிறகு என் கேமராவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்,
புரிந்துகொண்டவன்போல் சிரித்து
காலிப் பெட்டியின் கதவை
அகலத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டான்.

மூன்று நொடி போனது. பத்து போனது.
வெளிச்சம் மேசைகளோடு நிற்காமல்
பின்சுவர்வரை ஊர்ந்துபோனது.
அங்கே ரொட்டிக்கடைச் சீருடையில் ஒருத்தி
வாய் கோணி அழுதுகொண்டிருந்தாள்.
நூற்றிப்பத்துப் பேருக்கு நடுவில்,
காது கிழியும் தாளத்தில்,
யாரும் பார்க்க முடியாதென்று நம்பி.
இருட்டுக்குத்தான் அவள் காசு கொடுத்திருந்தாள்.

விரலுக்கு மனசைவிட வேகம் அதிகம்.
எடுத்துவிட்டது.

அவள் என்னைக் கண்டாள்.
கோபப்படவில்லை. ஆடுவதற்குக் கொண்டுவந்த கைக்குட்டையை விரித்து
முகத்துக்கு முன்னால் பிடித்தாள்,
மழைக்குச் சன்னல் சாத்துகிறவள்போல.

மூடு, என்று கத்தினேன்.
நோல்பெர்த்தோவுக்குக் கேட்கவில்லை.
மேசைமேல் ஏறி இறங்கி, இருவர் காலை மிதித்து
நானே போய்ச் சாத்தினேன்.
திரும்பிப் பார்த்தால் சுவர் எது, ஆள் எது தெரியவில்லை.
அதற்குப்பின் ஒரு மணி நேரம்
கேமராவை வயிற்றோடு அணைத்தபடி நின்றேன்.
யாரோ என் கையைப் பிடித்து இழுக்க
மோசமாக இரண்டு சுற்று ஆடவும் செய்தேன்.

அந்த இரவின் நல்ல படம் அதுதான்.
கூர்மை கண்ணிமைவரை.
எவரிஸ்தோவிடம் காட்டவில்லை. அழிக்கவுமில்லை.
பெயரிடாத ஓர் உறைக்குள் கிடக்கிறது;
அதைத் திறக்கும்போதெல்லாம்
என் அறை விளக்கை முதலில் அணைக்கிறேன், ஏனென்று தெரியாமல்.

சுவரொட்டிக்கு அவர் தேர்ந்தெடுத்தது
பால் கொட்டின படங்களில் ஒன்றை.
இதுதான் என் கடை, என்றார்,
ஒருத்தன் மூஞ்சியும் தெரியவில்லை பார்.
பிறகு கணக்குச் சீட்டை மூக்கருகே கொண்டுபோய்
இது என்ன, என்று கேட்டார்.

எழுதியிருந்ததைப் படித்தேன்:
வெளிச்சம், பதினொரு பாட்டில்.

பத்துக்குத்தான் கொடுத்தார்.